இரண்டு மணிக்கு நேரே இருந்த எண்

என் நாற்காலிக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும் இந்தச் சூரிய ஆற்றல் நிலையத்தின் விதிகளை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். பெரும்பாலானவை சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்கின்றன. நான்கு ஆண்டுகளில் நான் சரியாகச் செய்த சில காரியங்களையும் நீங்கள் கேள்விப்படக்கூடும்; நிலையத் தலைவர் அவற்றை விருந்தினர்களிடம் சொல்லும் வழக்கமுடையவர். நான் தவறாகச் செய்த ஒன்றை அவர் சொல்லமாட்டார். என் ஆய்வேடு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் விடைபெறுகிறேன். அதனால் அதை நானே எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

இந்த வேலைக்கு நான் வந்தது வெயிலின்மீது கொண்ட ஆர்வத்தால் அன்று. நான் இலக்கிய மாணவி. பகுதிநேர வேலை தேவைப்பட்டது. நிலையத்துக்கோ பொறியியல் மாணவர்களின் அறிக்கைகளைப் பிழையில்லாத ஆங்கிலத்தில் திருத்தித் தர ஒருவர் தேவைப்பட்டார். பினாங்குத் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் பழைய கிடங்குக் கட்டடத்தின் நான்காம் மாடியில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. அதற்கு மேலே மொட்டைமாடி. அங்கே கண்ணாடிப் பெட்டிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் கறுப்புத் தகடுகளும் வெயிலில் கிடந்தன. அவற்றின் நடுவே, வெயிலின் வலுவை அளக்கும் சிறு கருவி ஒன்று இருந்தது. அதன் தலையில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருந்ததால் எல்லாரும் அதைக் குமிழ் என்றே அழைத்தார்கள்.

இறுதியாண்டு மாணவர்கள் இங்கே வந்து முப்பது நாள் அளவெடுப்பார்கள். காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை, மணிக்கு ஒருமுறை குமிழின் முள் காட்டும் எண்ணைப் பார்த்து, ஏட்டில் தம் கையால் எழுத வேண்டும். துண்டுத் தாளில் எழுதிப் பிறகு ஏட்டில் ஏற்றுவது கூடாது. ஒரு நாள் விட்டுப்போனாலும் முப்பது நாளும் வீண். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏட்டைப் படித்து, அறிக்கையில் உள்ள எண்களோடு ஒப்பிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பமிடுவது என் வேலை.

முதலாண்டிலேயே ஒரு மாணவரின் பொய்யைக் கண்டுபிடித்தேன். அவர் நான்கு நாள் நிலையத்துக்கே வராமல், ஐந்தாம் நாள் ஒரே மூச்சில் நான்கு நாள் எண்களையும் எழுதியிருந்தார். எண்களில் எந்தக் குறையும் இல்லை. பொறியாளர்கள் மூவர் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. நான் எண்களைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு எழுதும் கையும் மதியம் இரண்டு மணிக்கு வியர்த்து எழுதும் கையும் ஒன்றாக இருப்பதில்லை. பேனா மாறும், அழுத்தம் மாறும், சாய்வு மாறும். அந்த நான்கு நாள்களில் எதுவும் மாறவில்லை. ஒரு பிரதியை ஒருவர் எழுதினாரா இருவர் எழுதினார்களா என்று பார்க்க வகுப்பில் எங்களுக்குப் பயிற்சி உண்டு. அதையே இங்கே செய்தேன். அந்த மாணவர் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார்.

தலைவர் அன்று எல்லார் முன்னிலையிலும் சிரித்தார். "கவிதை படிக்கிற பொண்ணு நமக்கு எதுக்குன்னு நெனச்சேன். இது நம்ம குமிழவிடத் துல்லியமா இருக்குதுலா!"

நான் அதிகம் பேசுபவள் அல்லள். தலையசைத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். ஆனால் அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். பல மாதங்கள் அது என்னிடம் இருந்தது. பின்னால் நடந்ததற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நான் இங்கே சேர்ந்த மூன்றாம் ஆண்டில் தேவகி வந்தார். எதிர்க்கரையில் உள்ள புக்கிட் மெர்தாஜாமைச் சேர்ந்தவர். தந்தை அங்கே ரயில் நிலையத்தில் எழுத்தர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாட்டனார் காலத்திலிருந்தே ரயில்வேயில் எழுதிக் கணக்குப் பார்த்த குடும்பம். மகள் பொறியியல் படித்ததை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். படித்து முடித்ததும் பிறையிலோ பாயான் லெப்பாசிலோ குளிரூட்டிய தொழிற்சாலை ஒன்றில் சேர்வாள் என்பது அவர்கள் கணக்கு. தேவகி வெயிலைப் படிக்க வேண்டும் என்றார். எண்ணெய் விலை இறங்கி, வெயிலைப் பற்றிக் கேட்பாரே குறைந்துவிட்ட ஆண்டு அது.

ஏன் இந்தத் துறை என்று ஒருநாள் கேட்டேன். அறிக்கையின் முன்னுரையில் எழுதுவதற்காகத்தான் கேட்டேன்.

"புக்கிட் தெங்கால ஒரு ஃபேக்டரில லீவுக்கு வேலை செஞ்சேன்கா," என்றார். "பின்னால கறுப்பு ரப்பர் பைப்பு ஒன்னு சும்மா வெயில்ல கெடந்துச்சு. மத்தியானம் கை கழுவலாம்னு தொறந்தேன். தண்ணி சுட்டுருச்சு. கையே செவந்துபோச்சு. அஞ்சடி தள்ளி பாய்லர் ஓடுது, லாரி நின்னு டீசல் ஊத்திக்கிட்டிருக்கான். எதுக்கு? சுடுதண்ணிக்கு! நான் அந்த பைப்பயே பாத்துக்கிட்டு நின்னேன். சூப்பர்வைசர் வந்து, 'என்னம்மா, பாம்பா?'ன்னு கேட்டான்."

இதை முன்னுரையில் சேர்க்க முடியாது என்று சொன்னேன். சேர்க்க வேண்டாம், கேட்டதால் சொன்னேன் என்று சிரித்தார்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று சூரிய ஆற்றல் மேற்படிப்புக்கு ஆண்டுதோறும் நம் நிலையத்தின் பரிந்துரையை ஏற்று ஒருவருக்கு உதவித்தொகையுடன் இடம் தந்துவந்தது. அந்த ஆண்டு இருவர் போட்டியில் இருந்தார்கள்: தேவகியும் இன்னொரு மாணவரும். தேவகியின் அறிக்கை மேலானது. அதில் எனக்கோ தலைவருக்கோ ஐயமில்லை. பரிந்துரைக் கடிதம் அவர் பெயருக்கே தட்டச்சாகி, கையெழுத்துக்காகக் காத்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அது விரைவு அஞ்சலில் சேர வேண்டும். ஏட்டில் என் சுருக்கொப்பம் மட்டுமே பாக்கி.

அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு அந்தப் பக்கத்துக்கு வந்தேன்.

தேவகியின் இருபத்திரண்டாம் நாள் தைப்பூசத்தன்று விழுந்திருந்தது. பினாங்கில் அன்று அலுவலகம் எதுவும் திறப்பதில்லை. நம் கட்டடமும் பூட்டியிருந்தது. ஆனால் ஏட்டில் எட்டு மணி முதல் ஐந்து மணிவரை பத்து எண்களும் இருந்தன. பத்தும் ஒரே பேனாவால், ஒரே அழுத்தத்தில், ஒரே அமர்வில் எழுதப்பட்டவை. மற்ற இருபத்தொன்பது பக்கங்களிலும் மை மாறியிருந்தது, கை மாறியிருந்தது. இதில் மாறவில்லை.

அத்துடன் இன்னொன்று இருந்தது. முந்தின நாளும் மறுநாளும் தெளிந்த வானம். எண்கள் மலைபோல் ஏறி இறங்கியிருந்தன. தைப்பூசத்தன்று மட்டும் இரண்டு மணிக்கு நேரே இருந்த எண், ஒரு மணிக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்திருந்தது. மூன்று மணிக்குப் பாதி. நான்கு மணிக்கு மறுபடி பழைய வரிசை. நான் அதைப் பார்த்துப் புன்னகைத்தேன் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. கதை எழுதுகிறவர்கள் நம்ப வைப்பதற்காக நடுவே காரணமில்லாத ஒரு சிறு தடங்கலை வைப்பார்கள். வாசகர் அதைப் பார்த்து, இதைக் கற்பனை செய்திருக்க முடியாது என்று எண்ணிக்கொள்வார். அந்தச் சரிவை நான் அப்படித்தான் வாசித்தேன். திறமையான பொய் என்று மனத்துக்குள் பெயரிட்டேன்.

வானம் அன்று எப்படி இருந்தது என்று எனக்கே தெரியும் என்றும் நம்பினேன். அன்று நானும் முருகன் கோயிலுக்குப் போகும் தண்ணீர்மலைச் சாலையில் அம்மாவின் பால்குடத்துக்குப் பக்கத்தில் வெறுங்காலுடன் நடந்திருந்தேன். தார் கொதித்தது. பின்னர் இரண்டு நாள் உள்ளங்காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. அதைவிட நல்ல சாட்சி யாருக்குக் கிடைக்கும்? மேலும், நம்மவர் வீட்டுப் பெண் தைப்பூசத்தன்று குடும்பத்தை விட்டுவிட்டுப் பூட்டிய கிடங்கின் மாடியில் தனியாக நிற்பாள் என்பது என் அறிவுக்கு எட்டவேயில்லை. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்க்காததை நடக்காதது என்று எடுத்துக்கொண்டேன்.

ஏட்டைத் தலைவரிடம் கொண்டுபோனேன். தாளில் தானே கோடு இழுத்துக் காட்டும் பெரிய கருவி அந்த மாதம் பழுதாகிச் சிங்கப்பூருக்குப் போயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க நிலையத்தில் வேறு ஒன்றும் இல்லை. அவர் தேவகியை மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"தைப்பூசத்துக்கு நீ இங்க வந்தியாம்மா?"

"வந்தேன் சார்."

"எப்படி? ஆபீசு பூட்டியிருந்துச்சே."

"மாடிக்குப் போற கேட்ட ஜாகா அண்ணன் தொறந்துவிட்டாரு. ஏடு உங்க அலமாரில பூட்டியிருந்துச்சு சார். அதான் அவரு ரூம்ல இருந்த நாள்காட்டித் தாளக் கிழிச்சு, பின்பக்கம் எழுதிவெச்சுக்கிட்டேன். மறுநாள் காலைல ஏட்டுல ஏத்திட்டேன்."

"அந்தத் தாளு எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன் சார். துண்டுத் தாள்ல எழுதக்கூடாதுன்னு ரூல் இருக்கே. யாராச்சும் பாத்தா ஏசுவீங்கன்னு..."

ஜாகா என்று நாம் அழைக்கும் காவல்காரர் மேலே வரவழைக்கப்பட்டார். ஐம்பது வயதைத் தாண்டியவர். பதினெட்டு ஆண்டுகளாக இந்த வாசலில் இருந்தவர்.

"அண்ணே, தைப்பூசத்தன்னிக்கு இந்தப் பொண்ணுக்கு நீங்க மாடி கேட்டத் தொறந்துவிட்டீங்களா?"

அவர் தேவகியைப் பார்க்கவில்லை. என் மேசைமேல் இருந்த பேனாக் குவளையைப் பார்த்தார். "யாரும் வரல சார். நான் நாள் முழுக்க வாசல்லதான் இருந்தேன்."

"அண்ணே!" என்றார் தேவகி. அந்த ஒரு சொல்தான்.

இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு மணி பத்து நிமிடம். அஞ்சலகத்துக்குப் போக இருபது நிமிடம் வேண்டும். மற்ற மாணவரின் பெயரில் கடிதத்தைப் புதிதாகத் தட்டச்சு செய்யக் கால் மணி நேரம்.

"நீ சொல்லு. இந்தப் பக்கம் எப்படி?"

"ஒரே அமர்வுல எழுதினது, சார்."

"அது அவளே சொல்லிட்டா. நான் கேக்கறது வேற. இது பொய்யா, இல்லையா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். எனக்குத் தெரிந்தது ஒன்று: எழுத்து ஒரே அமர்வில் எழுதப்பட்டது. அவர் கேட்டது இன்னொன்று: எண் உண்மையா. முதலாவதைச் சொல்ல எனக்குத் தகுதி இருந்தது. இரண்டாவதைச் சொல்ல இல்லை. 'அது எனக்குத் தெரியாது சார்' என்று நான் சொல்லியிருக்கலாம். விமான நிலையத்தில் வானிலைக் கூடம் இருக்கிறது, அங்கேயும் ஒரு குமிழ் இருக்கிறது, தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவை எதுவும் எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, இந்தக் குமிழைவிடத் துல்லியமானவள் நான் என்பது.

"அப்படித்தான் வாசிக்கிறேன், சார்," என்றேன்.

அவர் ஏட்டை என் பக்கம் தள்ளினார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில், 'நம்ப இயலாது' என்று ஆங்கிலத்தில் மையால் எழுதிச் சுருக்கொப்பமிட்டேன். பிறகு மற்ற மாணவரின் பெயரில் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன். ஒரு பிழைகூட விழவில்லை. நான்கு ஐம்பதுக்கு அது அஞ்சலில் சேர்ந்தது.

தேவகிக்குப் பட்டம் கிடைத்தது. அந்த ஒரு நாளை நீக்கியதால் முப்பது நாள் தொடர் அறுந்து, அறிக்கைக்குக் குறைந்த தரம் வழங்கப்பட்டது. அவர் என்னிடம் விடைபெறாமல் போனார். அது இயல்பு என்று நினைத்தேன். பொய் வெளிப்பட்டவர்கள் விடைபெறுவதில்லை என்றுகூட நினைத்தேன்.

பத்து மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிற்பகல், பட்டர்வொர்த்துக்குப் போகும் படகின் மேல்தளத்தில் அவரைப் பார்த்தேன். பார்த்ததும் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டேன். அவரே வந்தார்.

"என்னப் பாத்துட்டுத்தானேக்கா அந்தப் பக்கம் திரும்புனீங்க? நல்லாத்தான் திரும்புனீங்க. ஆனா இது படகுலா. குதிச்சாத்தான் தப்பிக்கலாம்."

எங்கே வேலை என்று கேட்டேன். புக்கிட் தெங்காவில், அதே தொழிற்சாலையில், உற்பத்திப் பிரிவில் மேற்பார்வை என்றார். "பாய்லர் இன்னும் ஓடுது. இப்ப டீசல் லாரிக்குக் கையெழுத்துப் போடறதே நான்தான்." சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஒன்னு கேக்கலாமாக்கா? கோவமா கேக்கல. பத்து மாசமா கேக்கணும்னு இருக்கேன்."

"கேளுங்க."

"அன்னிக்குத் தைப்பூசத்துக்கு நீங்க போயிருந்தீங்களா?"

"போயிருந்தேன். அம்மா பால்குடம் எடுத்தாங்க. கூட நடந்தேன்."

"செருப்பு?"

"இல்ல."

"கால் சுட்டுச்சா?"

"ரொம்ப. ரெண்டு நாள் நடக்க முடியல."

"எது வரைக்கும் சுட்டுச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தச் சாலை முழுவதுமாக என் முன் வந்தது. பத்து மாதம் நான் நினைவில் வைத்திருந்தது அதன் முதற்பாதியை மட்டும். தண்ணீர்ப் பந்தலில் ஒருவர் ரப்பர் குழாயால் தார்மீது நீர் தெளித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் குழாயைத் தாழ்த்திவிட்டு மேலே பார்த்தார். மலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரிய மேகம் வந்து சாலையை மூடியது. கூட்டம் முழுவதும் ஒரே குரலில் ஆரவாரித்தது. "முருகன் கொடை புடிச்சிட்டாருலா!" என்று அவர் கத்தினார். அம்மா சிரித்தார். நான் அன்று முதன்முறையாகப் பாதத்தை முழுவதுமாக ஊன்றி நின்றேன். தார் குளிர்ந்திருந்தது. கோயில் படியருகே, இன்னும் சாலையில் நின்றபடியே ஒரு கடிகாரத்தைப் பார்த்தேன்: இரண்டு அடிக்கக் கால் மணி இருந்தது.

தேவகி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மாவும் அங்கதான் நடந்தாங்க," என்றார். "எனக்கு வெளிநாட்டுல எடம் கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டு எடுத்த பால்குடம். நான் கூட வரலன்னு திட்டிக்கிட்டே எடுத்தாங்க. வீட்டுக்கு வந்து சொன்னாங்க: 'நீ வராட்டிப் போ, ரெண்டு மணிக்கு அந்த முருகனே எனக்குக் கொடை புடிச்சான்டி.' நான் சொன்னேன்: 'தெரியும்மா. எழுதி வெச்சிருக்கேன்.'"

"இத ஏன் அன்னிக்குச் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது எவ்வளவு இழிவான கேள்வி என்று எனக்குத் தெரிந்தது.

"யாரு கேட்டீங்க? பேனாவப் பத்திக் கேட்டீங்க, தாளப் பத்திக் கேட்டீங்க, ஜாகாவப் பத்திக் கேட்டீங்க. வானம் எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலயே. சூரிய நிலையம்னு வாசல்ல போர்டு மட்டும் போட்டிருக்கீங்க." பிறகு தணிந்த குரலில், "அந்த அண்ணன் மாடி கேட்டுச் சாவிய என்கிட்டக் குடுத்துட்டுக் காவடி எடுக்கப் போயிட்டாருக்கா. வாசல்ல ஆளே இல்ல. அத ஒத்துக்கிட்டா அவரு வேலை போயிடும். அவரு பொய் சொன்னது எனக்குப் புரியுது. நீங்க சொன்னதுதான் புரியல," என்றார்.

வெளிநாட்டுக்குப் போன மாணவரைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னார். "அவன் சட்டைப் பையில மூனு பேனா வெச்சிருப்பான், பாத்திருக்கீங்களா?" அவர் பேனாவை மாற்றி மாற்றிப் பொய் எண்களை எழுதினார் என்ற அந்தக் குறிப்பு உண்மையா, கசப்பில் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. இம்முறை நான் எதையும் வாசிக்க முற்படவில்லை.

படகு துறையை நெருங்கும்போது கைப்பையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு தாள்கட்டை எடுத்துக் காட்டினார். நாள்காட்டித் தாள்கள். முன்பக்கம் திதியும் இராகு காலமும், பின்பக்கம் பென்சிலில் எண்கள். வீட்டுக் கூரைமேல் கறுப்புக் குழாயைச் சுருட்டிப் போட்டிருக்கிறாராம். வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவர் பார்க்கிறார். பகலில் அவருடைய அம்மா பார்த்து எழுதுகிறார்.

"இப்பத் தாளத் தூக்கிப் போடறதில்ல," என்றார். படகு துறையில் இடித்து நின்றது. கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை வானிலைக் கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அந்த நாளின் எண்களைப் படித்துச் சொன்னார்கள். ஒன்றரையிலிருந்து மூன்று மணிவரை மேகம். எங்கள் ஏட்டில் இருந்த சரிவு அங்கேயும் இருந்தது. அழைப்பு நான்கு நிமிடம் நீடித்தது. அந்த வெள்ளிக்கிழமை என்னிடம் நாற்பது நிமிடம் இருந்தது.

தலைவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். "இப்பச் சொல்லி என்னம்மா செய்யறது? அவன் போய்ப் படிச்சுக்கிட்டிருக்கான். நாம தப்பான ஆள அனுப்பிட்டோம்னு நானே எழுதினா, அடுத்த வருஷம் நம்ம லெட்டர எவன் மதிப்பான்?"

"தேவகிக்காக மட்டும் எழுதலாமே, சார்."

"நீதானே வாசிச்சே? நான் உன்ன நம்புனேன். எழுதணும்னா நீ எழுது."

அவர் சொன்னதில் அநியாயம் இருந்தது, உண்மையும் இருந்தது. நான் என் பெயரில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். வானிலைக் கூடத்தின் எண்களை இணைத்தேன். என் தீர்ப்பு எழுத்தைப் பற்றியதே தவிர வெயிலைப் பற்றியதன்று என்று விளக்கினேன். பண்புடன் பதில் வந்தது: அந்த ஆண்டுக்குரிய இடம் நிரம்பிவிட்டது, நிலையத் தலைவரின் கடிதத்துடன் விண்ணப்பித்தால் எதிர்காலத்தில் பரிசீலிக்கலாம். தலைவர் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. நகலைத் தேவகிக்கு அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவருக்கில்லை. வேறு எங்காவது விண்ணப்பித்தாரா, அந்தத் தாள்கட்டு எவ்வளவு தடித்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

காவல்காரரிடமும் போனேன். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. "எனக்குத் தெரியும்மா," என்றார். "அந்தப் புள்ள 'அண்ணே'ன்னு கூப்புட்டுச்சே, அது காதுலயே இருக்கு. அந்தக் காவடி என் மகனுக்காகம்மா. வேற என்ன செய்ய?" அவரைத் தலைவரிடம் காட்டிக்கொடுக்க நான் போகவில்லை. அது கருணையா, இன்னொரு முறை தீர்ப்புச் சொல்லும் அச்சமா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை.

உங்களுக்கு இதிலிருந்து என்ன தரலாம் என்று யோசித்தேன். ஒரே மையைக் கண்டால் ஐயப்படாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஐயப்படுங்கள், அதற்குத்தான் இந்த மேசை. ஆனால் உங்களிடம் யாராவது அவசரத்தில் 'இது பொய்யா, இல்லையா' என்று கேட்டால், நீங்கள் கண்டது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். அதற்கு அப்பால் ஒரு சொல்கூட வேண்டாம். அஞ்சல் போய்விடும் என்பார்கள். போகட்டும். பிறகு தொலைபேசியை எடுங்கள். வானிலைக் கூடத்தின் எண்ணை இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறேன். விடுமுறை நாள்களில் ஏட்டு அலமாரியின் சாவி காவல்காரர் அறையில் தொங்கும். நான் கேட்டதில் தலைவர் இணங்கியது அது ஒன்றுக்குத்தான்.

ஏட்டில் எதையும் அழிக்கக்கூடாது என்பதும் இங்கே விதி. திருத்த வேண்டுமானால் ஒற்றைக் கோடு இழுத்து, அடியில் இருப்பது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமிட வேண்டும். தேவகியின் ஏடு இரண்டாம் அலமாரியில் இருக்கிறது. இருபத்திரண்டாம் நாளைத் திறந்தால் 'நம்ப இயலாது' என்ற என் சொற்களைக் காண்பீர்கள். மேலே ஒற்றைக் கோடு. அதற்குக் கீழே, இரண்டு மணிக்கு நேரே, எங்கள் ஏடுகளில் வழக்கமில்லாத ஒரு குறிப்பை எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்பை அன்று எழுதியிருக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். பத்து மாதம் தாமதமாக எழுதினேன்:

"ஒன்றே முக்கால் மணி. தண்ணீர்மலைச் சாலையில் வெறுங்காலுடன் நின்றேன். தார் சுடவில்லை."